பிரிஜுக்கு மேலதிக வொரண்டி: 14,800 ரூபா கட்டலாமா?

களுவாஞ்சிகுடி_வாசி:
கல்முனையில 185,000 ரூபாவுக்கு இரட்டைக் கதவு இன்வேர்ட்டர் பிரிஜ் ஒண்டு பார்த்து வைச்சிருக்கம். கம்பனி வொரண்டி 2 வருசம், கொம்பிரசருக்கு 10 வருசம். இன்னும் 14,800 கட்டினா மொத்தம் 5 வருசத்துக்கு முழுப் பாதுகாப்பு எண்டு கடையில சொல்லுறாங்க. தவணைக்குத்தான் எடுக்கிறம், அந்தக் காசையும் தவணையோட சேர்க்கலாமாம். வீடு கடற்கரைப் பக்கம், கரண்ட் அடிக்கடி போய் வரும். 65 அங்குல டிவி ஒண்டும் எடுக்க இருக்கிறம், அதுக்கும் இதே மாதிரி வொரண்டி கேக்கிறாங்க. விசயம் தெரிஞ்ச அண்ணன்மார், அக்காமார் சொல்லுங்க.

குளிர்வேலை:
தம்பி, முதல்ல அந்த 10 வருசத்தை விளங்கிக் கொள்ளுங்க. பெரும்பாலும் அது காஸை அழுத்திச் சுத்தவிடுற கொம்பிரசர் என்ற அந்த ஒரு சாமானுக்கு மட்டும்தான். கொம்பிரசரை மாத்தினா பில்டர் ட்ரையரும் (ஈரத்தையும் தூசியையும் பிடிக்கிற வடி) புதுசாப் போடணும், வெக்குயூம் இழுக்கணும் (பைப்பில இருக்கிற காற்றை உறிஞ்சி எடுக்கணும்), காஸ் அடிக்கணும். இந்தச் செலவும் கூலியும் லொறிக் காசும் உங்கட தலையிலதான் வரும். இப்ப வாற வீட்டுப் பிரிஜுகள்ல ஆர் 600ஏ காஸ்தான் கூட. மொத்தமே 40 இலிருந்து 70 கிராம் வரை. தராசு வைச்சு நிறுத்து அடிக்க வேண்டிய காஸ் அது, தீப்பற்றக் கூடியதும்கூட. கையால மதிச்சு அடிச்சா கொம்பிரசருக்குத் திரும்பி வாற ரிட்டர்ன் பைப்பில பனி படியும், குளிர் குறையும்.

3 முதல் 5 வருசத்துக்குள்ள வாற பிழைகள்ல சென்சர், விசிறி மோட்டர், பனியை உருக்குற டிபுரொஸ்ட் ஹீட்டர், கதவு றப்பர் எல்லாம் சின்னச் செலவு. ஆளை விழுத்துறது இரண்டு: ஒண்டு பிரிஜை இயக்குற மின்சுற்றுப் பலகை, அதுதான் பிசிபி போட், மற்றது காஸ் லீக். பிரிஜின்ட சுவருக்குள்ள, குளிர் வெளியில போகாமல் அடைச்சிருக்கிற போமுக்கு நடுவில ஓடுற பைப்பில ஓட்டை விழுந்தா அதைத் தோண்டி எடுக்க ஏலாது. பின்பக்கம் புதுப் பைப் இழுக்கிறதுதான் வழி. அதனால கடைக்காரரிட்ட ஒரே கேள்வி கேளுங்க: "போமுக்கு உள்ளுக்குள்ள காஸ் லீக் ஆனா, காஸும் கூலியும் சேர்த்துப் பொறுப்பா?" வாயால சொல்ற பதில் வேண்டாம். கடதாசியில எந்த வரியில இருக்கு எண்டு விரலால காட்டச் சொல்லுங்க.

கணக்கையும் பாருங்க. ஒரு பெரிய திருத்தம் 30,000 வரும் எண்டு வைச்சா, 14,800 கட்டுறது சரியாக வர அந்த மூண்டு வருசத்தில பிரிஜ் பழுதாக இரண்டுக்கு ஒண்டு வாய்ப்பு இருக்கணும். ஒழுங்காப் பாவிக்கிற பிரிஜ் அவ்வளவு கெதியாப் பழுதாகாது. என்ட கருத்து, பிரிஜுக்குக் கட்டாதீங்க.

எர்த்_கம்பி:
குளிர்வேலை அண்ணன் சொன்ன பிசிபி பற்றிக் கொஞ்சம் கூடச் சொல்லணும். நம்மட பக்கம் போட் எரியிறதுக்குக் காரணம் மின்னல், வோல்டேஜ் ஏற்றம், உப்புக் காற்று, பல்லி, எறும்பு. எரிஞ்ச போட்டைக் கழற்றிப் பார்த்தா இரண்டு மின் முனைகளுக்கு நடுவில பல்லி கருகி ஒட்டிக் கிடக்கும், சுற்றிவரக் கரி படிஞ்சிருக்கும். வொரண்டிக் கடதாசியின்ட பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்க: மின்னல், வோல்டேஜ் ஏற்றத்தாழ்வு, துரு, பூச்சி புழுவால் வரும் சேதம் சேராது எண்டு பெரும்பாலும் எழுதியிருப்பாங்க. கடலோர வீட்டில எது பழுதாக்குமோ அதையே விலக்கி வைச்ச கடதாசிக்கு 14,800 கொடுக்கிறது எனக்குச் சரியாத் தெரியேல்ல.

அந்தக் காசில ஒரு பகுதியை வயரிங்குக்குப் போடுங்க. எங்கட லைன் 230 வோல்ட், கூடக் குறைய 6 வீதம் வரை போகலாம். வீதியில நியூட்ரல் வயர் (கரண்ட் திரும்பிப் போற வயர்) கழன்றா அது 400 பக்கம் ஏறும். சேர்ஜ் புரொடெக்டர் மட்டும் இருந்தா அதைத் தாங்காது, ஏனெண்டா அது கண நேரத்துக்கு வாற அடிக்குத்தான். ஆகவே பிளக்கில ஒரு வோல்டேஜ் கார்ட் வேணும். கிட்டத்தட்ட 185க்குக் கீழயும் 260க்கு மேலயும் வெட்டி, கரண்ட் திரும்பி வந்தாலும் 3 நிமிசம் பொறுத்து விடுற சாமான். பழைய வகைக் கொம்பிரசர் எண்டா அந்த மூண்டு நிமிசம் மிச்சம் முக்கியம்: உள்ள அழுத்தம் சமன் ஆக முதல் ஸ்டார்ட் எடுத்தா சுத்தாமல் நிண்டு கரண்டை இழுத்து, அதை ஸ்டார்ட் பண்ணுற றிலேயை எரிக்கும்.

வீட்டு மெயின் போட்டில சேர்ஜ் புரொடெக்டர் பூட்டினாலும் எர்த் இல்லாட்டி பிரயோசனம் இல்லை. கடற்கரை மணல் காய்ஞ்சா மின்சாரத்தை விடாது. எர்த் கம்பி ஈர மண்ணைத் தொடுற ஆழத்துக்கு இறங்கணும். மாரிக்கு முதல் வயரிங் பாஸைக் (மின்வேலை செய்யிறவரை) கூப்பிட்டு மீட்டர் வைச்சு எர்த்தை அளக்கச் சொல்லுங்க. 30 மில்லியம்பியர் ட்ரிப் சுவிட்ச் ஆளைக் காப்பாத்தும். மின்னலில இருந்து பிரிஜைக் காப்பாத்தாது.

பில்_பத்திரம்:
இருவரும் சொன்னது சரி. ஆனால் யார் பொறுப்பு என்பதையும் பார்க்க வேண்டும். மேலதிக வொரண்டியைத் தருவது உற்பத்திக் கம்பனியா, கடையா, காப்புறுதிக் கம்பனியா? கடையின் சொந்தக் கடதாசி என்றால், கடை மூடினால் அதுவும் போய்விடும். 5 வருடம் எந்தத் திகதியிலிருந்து எண்ணப்படுகிறது, திருத்த முடியாவிட்டால் புதிய சாமானா அல்லது வருடத் தேய்மானம் கழித்த காசா என்றும் கேளுங்கள். தவணையில் சேர்த்தால் வொரண்டிக் காசுக்கும் வட்டி கட்டுவீர்கள். எடுப்பதென்றால் அதைத் தனியாகக் கட்டுங்கள்.

வீட்டில் ஐஸ் பக்கட்டோ தயிரோ வைத்து விற்பவர்கள் கவனம். வியாபாரப் பாவனை என்று சொல்லி வொரண்டியையே மறுக்கலாம்.

கடை பில் வெப்பத்தாளில் அடித்தது. வருடம் போக எழுத்து மங்கி வெறும் வெள்ளைத்தாளாகிவிடும். வாங்கிய அன்றே போட்டோப் பிரதி எடுங்கள், பிரிஜின் சீரியல் நம்பர் பில்லில் எழுதப்பட்டிருக்கிறதா பாருங்கள். எழுதிக் கொடுத்த வொரண்டியைக் கடை மறுத்தால், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையிடம் எழுத்தில் முறைப்பாடு கொடுக்கலாம். அவசர இலக்கம் 1977. பில், வொரண்டி அட்டை இரண்டின் பிரதியும் இணையுங்கள். நாள் கடத்த வேண்டாம்.

களுவாஞ்சிகுடி_வாசி:
மிச்சம் நன்றி. பிரிஜுக்கு எடுக்கேல்ல, கார்ட் வாங்குறம். டிவிக்கு என்ன சொல்லுறீங்க?

எர்த்_கம்பி:
டிவி வேறு கணக்கு. 65 அங்குலத்தில பனல் (படம் தெரியிற திரை) போனா அதன்ட விலை மட்டும் டிவி விலையில பாதிக்கு மேல வரும். 240,000 ரூபா டிவிக்கு 15,000 வொரண்டி, பனல் 130,000 எண்டு வைச்சா எட்டுப் பேரில ஒருத்தருக்குப் பனல் போனாலே காசு சரி. கோடு விழுறது, பின்னால எல்ஈடி பட்டி அணைஞ்சு திரை பாதி இருட்டுறது, இரண்டும் சேருமெண்டு எழுதித் தந்தா எடுக்கலாம். அடிபட்டு வெடிச்ச பனல் எப்பிடியும் சேராது.

இன்னொண்டு, கொழும்புக்கு அனுப்பித்தான் திருத்துவாங்களா, வீட்டுக்கு வருவாங்களா எண்டு கேளுங்க. 65 அங்குலத்தை 300 கிலோமீட்டர் பஸ்ஸில ஏற்ற ஏலாது. பெட்டியையும் உள்ள இருக்கிற தேர்மோகோலையும் எறியாமல் பத்திரப்படுத்துங்க, லொறியில அனுப்ப வந்தா அதுதான் காப்பாத்தும். முழக்கம் தொடங்க முதலே பிளக்கோட டிஷ் வயரையும் கழற்றுங்க. பிளக்கை மட்டும் கழற்றினா மின்னல் டிஷ் வயரால வந்து டிவிக்குள்ள எச்டிஎம்ஐ வயர் செருகுற பக்கம் இருக்கிற மெயின் போட்டை எரிக்கும்.