வாரக் கூட்டத்தில் ஓர் அண்டார்டிகா மெக்கானிக்

ரோட்டரி வாரக் கூட்டங்களுக்கு ஒழுங்காகப் போகிறவர்களுக்குத் தெரியும், விருந்தினர் உரை என்றாலே முக்கால்வாசி நேரம் அது மியூச்சுவல் ஃபண்ட், இல்லாவிட்டால் மூட்டு வலி, அதுவும் இல்லாவிட்டால் யாராவது ஒருவர் வந்து ‘உங்களால் முடியும்’ என்று அரை மணி நேரம் கத்திவிட்டுப் போவார். அதனால் கோவில்பட்டி பக்கம் ஒரு சங்கத்துக்கு மேக்கப்புக்காகப் போயிருந்தபோது (எங்கள் சங்கக் கூட்டம் அந்த வாரம் தவறிவிட்டது, அதற்கு ஈடாக வேறு சங்கத்துக் கூட்டத்துக்குப் போவதுதான் மேக்கப், இல்லாவிட்டால் வருகைக் கணக்கு உதைக்கும்), ‘துருவ சாகசம்’ என்று பேனரில் பார்த்ததும் சரி, சாப்பாடாவது நன்றாக இருந்தால் போதும் என்றுதான் உட்கார்ந்தேன்.

வழக்கம்போல மணி அடித்தார்கள், தமிழ்த்தாய் வாழ்த்து, நான்கு கேள்விச் சோதனை (ரோட்டரிக்காரர்கள் நடத்தை நெறியாகச் சொல்வது), செயலாளர் அறிவிப்பு, பிறந்தநாள், கல்யாண நாள். அப்புறம் விருந்தினரை அறிமுகப்படுத்த வந்தவர் ‘வட துருவத்தில் சாதனை புரிந்தவர்’ என்று ஆரம்பித்தார். மேடையில் இருந்த மனிதர் எழுந்து, “ஐயா, நான் போனது தெற்கு. சாதனை எதுவும் கிடையாது. நான் வண்டி மெக்கானிக்” என்றார். அதுவரை கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்த நான் அப்போதுதான் நிமிர்ந்தேன்.

ராணுவத்தில் இருந்து, 90களில் இந்திய அண்டார்டிகா பயணக் குழுவோடு போய், அங்கே இருக்கிற இந்திய ஆய்வு நிலையமான மைத்ரியில் ஒரு குளிர்காலம் முழுக்க இருந்தவர். இந்தியா முதன்முதலில் போனது 1981 டிசம்பரில் கோவாவிலிருந்து, டாக்டர் காசிம் தலைமையில் 21 பேர், வாடகைக்கு எடுத்த நார்வே கப்பலில். 1982 ஜனவரி 9 அன்று இறங்கினார்கள். அதற்குப் பிறகு 1983-84இல் கட்டிய முதல் நிலையமான தட்சிண கங்கோத்ரி, கடலில் மிதக்கிற பனிப்பலகையின் மேலேயே நின்றதால் கொஞ்சம் கொஞ்சமாகப் பனிக்குள் புதைந்துபோய், 1990இல் அதைக் கைவிட வேண்டியதாகிவிட்டது. மைத்ரியை அதனால்தான் உள்ளே தள்ளி, ஷிர்மாக்கர் என்ற பாறைத் திட்டில் கட்டினார்கள். இதெல்லாம் அவர் ஐந்து நிமிடத்தில் சொல்லி முடித்துவிட்டார்.

மீதி நேரம் முழுக்க டீசல்தான். ஆமாம், டீசல்! கப்பல் வந்து நிற்கிற பனி விளிம்பிலிருந்து மைத்ரிக்குச் சுமார் 100 கிலோமீட்டர். அங்கே ரோடு கிடையாது, பனி மேல் ஓடுகிற பிஸ்டன்புல்லி வண்டிகளுக்குப் பின்னால் சறுக்குப் பலகையில் எண்ணெய் டாங்கியையும் சரக்குப் பெட்டிகளையும் கட்டி, ஒன்றன்பின் ஒன்றாக இழுத்துக்கொண்டு போக வேண்டும். பனி மூடிய பிளவு எங்கே வாயைத் திறக்கும் என்று தெரியாது, அதனால் முன்னால் போன வண்டித் தடத்தை விட்டு ஒரு அடி விலகக்கூடாது. சாதாரண டீசல் அந்தக் குளிரில் கூழாகிவிடும் என்பதால் விமானத்துக்கு ஊற்றுகிற எரிபொருள்தான். காலையில் இன்ஜினை எழுப்புவதற்கு முன்னால் சூடான காற்றை ஊதி எண்ணெயை இளக வைக்க வேண்டும், கையுறை இல்லாமல் ஸ்பேனரைத் தொட்டால் தோல் அதோடு ஒட்டிக்கொண்டு வரும். கையுறை போட்டால் நட்டு பிடிபடாது. இந்த ஒரு இக்கட்டை வைத்தே பத்து நிமிடம் பேசினார், யாரும் அசையவில்லை. அந்தச் சங்கத்தில் லாரி வைத்திருக்கிறவர்கள் நிறையப் பேர் என்பதும் ஒரு காரணம்.

கேள்வி நேரம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. முதல் கேள்வி எதிர்பார்த்ததுதான், பனிக்கரடி பார்த்தீர்களா. பனிக்கரடி வடக்கே மட்டும்தான், மைத்ரியில் பென்குவின்கூடக் கிடையாது, அதைப் பார்க்கக் கடல் ஓரத்துக்குப் போக வேண்டும், நிலையத்துக்கு வருவது சாப்பாட்டைத் திருடுகிற ஸ்குவா பறவைதான் என்றார். அந்தக் காலப் படங்களில் வருகிற நாய் வண்டி? சுற்றுச்சூழல் ஒப்பந்தத்தின்படி 1994க்குள் எல்லா நாய்களையும் வெளியேற்றிவிட்டார்கள். குப்பையை என்ன செய்வீர்கள் என்று கேட்ட ஒரு அம்மாவுக்கு நீளமாகவே பதில் சொன்னார், கொண்டுபோனதைத் திரும்பக் கொண்டுவந்துவிட வேண்டும், அங்கே புதைக்கவோ திறந்தவெளியில் எரிக்கவோ கூடாது.

ஒருவர் எழுந்து, “அண்ணாச்சி, குளிருக்கு ரொம்பப் பயந்திருப்பீங்களே?” என்றார். “குளிருக்கு இல்லை, நெருப்புக்கு” என்றார் இவர். எனக்கும் முதலில் புரியவில்லை. காற்றில் ஈரமே இல்லை, உள்ளே எல்லாம் காய்ந்து கிடக்கும், அணைக்கத் தண்ணீர் என்றால் பக்கத்தில் இருக்கிற பிரியதர்ஷினி ஏரிதான், குளிர்காலத்தில் அதன் மேல் பகுதி உறைந்து, அடியிலிருந்து குழாய் போட்டு இழுக்க வேண்டும், அந்தக் குழாயும் உறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நிலையம் எரிந்துவிட்டால் அடுத்த கப்பல் வரும்வரை எங்கே போய் நிற்பது? அதனால் இரவெல்லாம் முறைபோட்டு விழித்திருப்பார்களாம். இரவு என்றால் சும்மா இரவு இல்லை, மே கடைசியில் போன சூரியன் ஜூலை கடைசியில்தான் எட்டிப்பார்க்கும்.

அந்தச் சங்கத்தில் ஒரு சர்ஜன் இருக்கிறார், அவர் அறுவை சிகிச்சை வேண்டியிருந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். அதற்குத்தான் ரோகோசோவ் கதை வந்தது. மைத்ரிக்குக் கிட்டத்திலேயே ரஷ்யர்களின் நோவோலாசரேவ்ஸ்கயா நிலையம் இருக்கிறது. 1961 ஏப்ரல் 30, அங்கே இருந்த ஒரே டாக்டர் லியோனித் ரோகோசோவுக்கே குடல்வால் அழற்சி. வயது 27. பனிப்புயல், விமானம் வர வழியில்லை. அந்த இடத்தை மட்டும் மரத்துப்போக வைத்துக்கொண்டு, தன் வயிற்றைத் தானே கிழித்து, கண்ணாடியில் பார்த்தும் விரலால் தடவியும் குடல்வாலை வெட்டி எடுத்துத் தைத்திருக்கிறார். கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம். இரண்டு வாரத்தில் வேலைக்குத் திரும்பிவிட்டார். இது எனக்கு முன்பே தெரிந்த கதைதான், ஆனால் இவர் சொன்ன ஒரு விஷயம் தெரியாது: “அந்தக் கண்ணாடியைப் பிடிச்சுக்கிட்டு நின்னது ஒரு டிரைவருங்க. வண்டி ஓட்ட வந்தவன். எங்க ஆள்.” சர்ஜன் எழுந்து கைதட்டினார்.

தலைவர் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்திருந்தார். அதற்குள் ஒரு மூத்த உறுப்பினர், அமெரிக்காவின் அட்மிரல் பேர்ட் வின்செஸ்டர் ரோட்டரி சங்கத்துக்காரர், நம் ரோட்டரி கொடியைத் துருவத்துக்கே கொண்டுபோனவர் என்று நினைவுபடுத்தினார். 1929 நவம்பரில் தென் துருவத்தின் மேல் முதலில் பறந்தவர் அவர்தான். பெருமையான விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் பேர்ட் மாதிரி ஆட்களைப் பற்றிக் கேட்டுக் கேட்டுத்தான் ‘துருவம்’ என்றால் கொடி நடுவது என்று நமக்குப் பதிந்துபோயிருக்கிறது, ஜெனரேட்டர் நின்றுபோனால் யார் போய்ப் பார்த்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை. என்னைக் கேட்டால் அன்றைய உரையில் சரக்கு இருந்ததே அதனால்தான்.

பொன்னாடை, நினைவுப் பரிசு, நன்றியுரை, தேசிய கீதம். பரோட்டாவும் சால்னாவும் நன்றாகவே இருந்தன, ஆனால் அவரைச் சாப்பிட விடவில்லை, நான்கைந்து பேர் தட்டோடு சூழ்ந்துகொண்டு முட்டையும் உருளைக்கிழங்கும் உறையாமல் எப்படி வைத்தீர்கள் (சூடேற்றிய அறையில்), வீட்டுக்கு எப்படிப் பேசினீர்கள் (செயற்கைக்கோள் தொலைபேசி, காசு கணக்குப் பார்த்து) என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். நான் என் பங்குக்கு எங்கள் ஊர் பள்ளிக்கூடத்து இன்டராக்ட் (ரோட்டரியின் மாணவர் சங்கம்) பிள்ளைகளிடம் வந்து பேச முடியுமா என்று கேட்டேன், ஒத்துக்கொண்டிருக்கிறார்.

மைத்ரியிலோ, அங்கே இருக்கிற இன்னொரு இந்திய நிலையமான பாரதியிலோ குளிர்காலம் தங்கிய சமையல்காரர், எலக்ட்ரீஷியன், வயர்லெஸ் ஆள் யாராவது உங்கள் பக்கம் பேச வந்திருந்தால் அவர் சொன்னதை எழுதுங்கள். சமையல்காரராக இருந்தால் இன்னும் விசேஷம்.