பென் டிரைவ் வழியே வந்த பின்கதவு நிரல்: நீக்கிய பிறகும் திரும்பி வருகிறது

கேள்வி (திருவட்டாறு):
வணக்கம். நான் பணி ஓய்வு பெற்ற ஆசிரியை. கப்பலில் வேலை பார்க்கும் மகனோடு பேசுவதற்கும் ஓய்வூதியக் கணக்கைப் பார்ப்பதற்கும் வீட்டில் ஒரு விண்டோஸ் 10 மடிக்கணினி வைத்திருக்கிறேன். மூன்று வாரங்களுக்கு முன் மார்த்தாண்டத்தில் ஒரு கடையில் நிலவரி ரசீதை அச்செடுத்துவிட்டு வந்து பென் டிரைவைச் செருகியபோது, அதிலிருந்த ஃபோல்டர்கள் எல்லாம் அம்புக்குறி போட்ட ஷார்ட்கட்டுகளாக மாறியிருந்தன. விவரம் தெரியாமல் ஒன்றைத் திறந்தும் விட்டேன். அதன் பின், யாரும் தொடாதபோதே கேமரா விளக்கு இரண்டு முறை எரிந்தது. விண்டோஸிலேயே வரும் வைரஸ் தடுப்பான டிஃபெண்டர் ‘பேக்டோர் எம்எஸ்ஐஎல் பிளாடாபிண்டி’ என்று காட்டி அதை நீக்கியது. ஆனாலும் கணினியை அணைத்துப் போட்டால் அதே எச்சரிக்கை மறுபடியும் வருகிறது. என்ன செய்யலாம் என்று சொல்லி உதவுங்கள்.

பதில் (தக்கலை):
டீச்சர், இதைப் படித்தவுடன் வைஃபையை அணைத்துவிடுங்கள். மற்றவை எல்லாம் அதற்குப் பிறகுதான். பிளாடாபிண்டி என்பதும், கணினியைத் தொலைவிலிருந்து இயக்க உதவும் என்ஜேராட் என்ற கெட்ட நிரலும் ஒன்றே. தட்டும் எழுத்துகளைப் பதிவு செய்வது, பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்களை எடுப்பது, கேமராவைத் திறப்பது ஆகிய மூன்றையும் எங்கோ இருக்கும் ஒருவர் இதன் மூலம் செய்ய முடியும். ஆகவே உங்கள் கேமரா விளக்கை நான் தற்செயலாக எண்ணவில்லை.

அது திரும்பி வருவதற்குக் காரணம், தன்னைத் தானே தொடங்கிக்கொள்ளப் பல இடங்களில் பதிந்து வைத்திருப்பதுதான். வேறொரு நல்ல கணினியில் மைக்ரோசாஃப்டின் ‘ஆட்டோரன்ஸ்’ என்ற இலவசக் கருவியை இறக்கிக் கொண்டுவந்து இயக்குங்கள். மைக்ரோசாஃப்ட் பதிவுகளை மறைக்கும்படி அதில் தேர்வு செய்தால், பார்க்க வேண்டிய வரிகள் குறைந்துவிடும். நிரல்கள் தங்கள் தரவுகளையும் தற்காலிகக் கோப்புகளையும் வைக்கும் ஆப்டேட்டா ஃபோல்டரிலிருந்தோ டெம்ப் ஃபோல்டரிலிருந்தோ தொடங்கும், தயாரிப்பாளரின் டிஜிட்டல் கையொப்பம் இல்லாத நிரல் எதுவாக இருந்தாலும் ஐயப்படுங்கள். பெயரைப் பார்த்து ஏமாறக் கூடாது. எடுத்துக்காட்டாக, விண்டோஸின் சொந்த நிரலான எஸ்விசிஹோஸ்டின் பெயரைக் கெட்ட நிரல்களும் வைத்துக்கொள்வதுண்டு; உண்மையானது விண்டோஸ் ஃபோல்டருக்குள், பெரும்பாலும் சிஸ்டம்32-இல் இருக்கும். இணைப்புகளைக் காட்டும் நெட்ஸ்டாட் கட்டளையும் உதவும்தான், ஆனால் அதைப் பார்ப்பதற்காக இணையத்தைத் திறந்து வைப்பது இப்போது தகாது.

கேள்வி கேட்டவர்:
பக்கத்து வீட்டுத் தம்பி உதவியோடு பார்த்தேன். ஆப்டேட்டா ரோமிங்கில் விண்டோஸ் கோப்பு போன்ற பெயரில் ஒன்று இருக்கிறது. ஸ்டார்ட்அப் ஃபோல்டரிலும் அதன் நகல் இருக்கிறது. டாஸ்க் மேனேஜரில் அதை நிறுத்தியதுமே நீலத் திரை வந்து கணினி தானாக மறுதொடக்கம் ஆகிவிட்டது. அது மட்டுமன்றி, டிஃபெண்டர் சோதிக்காமல் விட வேண்டிய இடங்களைக் குறிக்கும் விலக்குப் பட்டியலில் சி டிரைவ் முழுவதுமே சேர்க்கப்பட்டிருக்கிறது. நான் அப்படி எதுவும் செய்யவில்லை.

பதில் (தக்கலை):
இந்த வகை நிரல்களில் சில, விண்டோஸுக்கு இன்றியமையாத செயல் என்று தங்களைக் குறித்துக்கொள்கின்றன. நிறுத்தினால் நீலத் திரை வருவது அதனால்தான். விலக்குப் பட்டியலைக் காலி செய்துவிட்டு, ஸ்கேன் தேர்வுகளில் உள்ள ‘டிஃபெண்டர் ஆஃப்லைன்’ சோதனையை ஓட்டுங்கள். விண்டோஸ் எழுவதற்கு முன்பே அது ஓடுவதால் நிரலுக்குத் தற்காத்துக்கொள்ள வாய்ப்பில்லை. ஏறத்தாழ 15 நிமிடங்கள் ஆகும்.

பதில் (நாகர்கோவில்):
மேலே சொன்னவை சரியானவை, ஆனால் அதோடு நிறுத்திக்கொள்ள நான் உடன்படமாட்டேன். மூன்று வாரங்களாகக் கதவு திறந்து கிடந்த வீட்டில், உள்ளே வந்தவர் வேறு என்னவெல்லாம் வைத்துவிட்டுப் போனார் என்பதை எந்தச் சோதனையும் முழுதாகச் சொல்லாது; விலக்குப் பட்டியலையே மாற்றியிருக்கிறார்கள் என்றால் நிர்வாகி உரிமை அவர்கள் கைக்குப் போய்விட்டது. படங்களையும் ஆவணங்களையும் மட்டும் நகலெடுத்துக்கொண்டு, வேறொரு கணினியில் தயாரித்த 8 ஜிபி நிறுவல் பென் டிரைவைக் கொண்டு, வட்டை முழுதாக அழித்து விண்டோஸைப் புதிதாக நிறுவுங்கள், அம்மா. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டதால், உங்கள் கணினி ஏற்குமானால் 11ஐயே நிறுவலாம்.

கடவுச்சொற்களை இந்தக் கணினியில் மாற்ற வேண்டாம், மாற்றுவதும் பதிவாகிவிடும். கைபேசியிலிருந்து முதலில் மின்னஞ்சல், அடுத்து வங்கி என்று மாற்றி, எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறும் தேர்வையும் அழுத்துங்கள். கணக்கில் பணம் குறைந்திருந்தால் சற்றும் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள்.

கேள்வி கேட்டவர்:
பணம் எதுவும் போகவில்லை. நேற்று கைபேசியில் கடவுச்சொற்களை மாற்றிவிட்டேன். தம்பி இன்று விண்டோஸ் 11 நிறுவித் தந்தார். அந்தப் பென் டிரைவில் என் கணவரின் பழைய படங்கள் இருக்கின்றன. அவற்றை இழக்க மனமில்லை. எடுக்க வழி உண்டா?

பதில் (தக்கலை):
உண்டு, டீச்சர். படங்கள் அழியவில்லை, மறைக்கப்பட்டிருக்கின்றன. பென் டிரைவைச் செருகியதும் எதையும் திறக்காமல் முதலில் டிஃபெண்டரால் சோதியுங்கள். பின்னர் ஃபைல் எக்ஸ்புளோரரில் மறைந்த கோப்புகளையும் கோப்புப் பெயர்களின் பின்னொட்டையும் காட்டச் செய்யுங்கள். அப்போதும் தெரியாவிட்டால், பாதுகாக்கப்பட்ட இயங்குதளக் கோப்புகளை மறைக்கும் தேர்வையும் நீக்கிவிடுங்கள். ஜேபிஜி என்று முடிபவற்றை மட்டும் நகலெடுங்கள். எல்என்கே, விபிஎஸ், இஎக்ஸ்இ, எஸ்சிஆர் என்று முடிபவை திறந்தால் நிரலை ஓட்டக்கூடியவை; அவை எவ்வளவு பழக்கமான பெயரில் இருந்தாலும் தொட வேண்டாம். படங்கள் வந்து சேர்ந்த பிறகு பென் டிரைவை ஃபார்மட் செய்துவிட்டு, அந்தக் கடைக்காரரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். அவருடைய கணினியில் இன்னும் எத்தனை பேர் பென் டிரைவைச் செருகிக்கொண்டிருக்கிறார்களோ.