போறணைக் கதவால் காற்றுப் போனால்: ஆரையம்பதியில் பார்த்தது

ஆரையம்பதியில் மாமா சின்னதாக ஒரு பேக்கரி நடத்துகிறார். 2022இல் காஸ் தட்டுப்பாடு வந்தபோது இரும்புத் தகட்டில் விறகுப் போறணை ஒன்று அடிப்பித்தார். கீழே நெருப்பறை, மேலே பாண் தட்டுகள், பின்னால் புகைக்கூடு. போன மாரியில் கூப்பிட்டு, "மனே, பாணெல்லாம் அடி கருகுது, மேல வெளிறிக் கிடக்கு. விறகும் கண்டபாட்டுக்கு முடியுது. ஒருக்கா வந்து பாரன்" என்றார். நான் சம்மாந்துறையில் நெல் மில் பொயிலரில் வேலை செய்கிறவன். நெருப்புக் கதவுதான் எனக்கு அன்றாடப் பாடு.

அடி கருகுவதற்கும் விறகு முடிவதற்கும் காரணம் ஒன்றுதான். கதவு இறுக மூடாவிட்டால் இடுக்கால் காற்று உள்ளே போகும். காற்றுத் துவாரத்தை எவ்வளவு சாத்தினாலும் நெருப்பு அடங்காது. ஆனால் என்னை உறுத்தியது வேறு விசயம். மழைக்கு யன்னலெல்லாம் சாத்திவிட்டு, வேலை செய்கிற பொடியன்கள் அந்த அறையிலேயே படுக்கிறார்கள். விடியத் தலையிடி என்றார்கள். நெருப்பு தணலாகக் கிடக்கும்போது புகை கண்ணில் படாமலே காபனோரொட்சைட்டு என்கிற நச்சு வாயு வரலாம். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அன்றிரவே படுக்கையை முன் விறாந்தைக்கு மாற்றச் சொன்னேன். கதவு திருத்தும்வரைக்கும் அல்ல, இனி எப்போதும்.

கதவு விளிம்புப் பள்ளத்தில் இடுக்கை அடைக்கப் பதித்திருக்கிற கயிற்றை மாற்றினால் சரி என்பது மாமாவின் எண்ணம். முதலில் புகைக்கூட்டைப் பார்த்தோம். அங்கே கரி அடைத்திருந்தால் எந்தக் கயிறு போட்டாலும் புகை முன்னால்தான் வரும். கொஞ்சக் கரிதான் விழுந்தது. பிறகு ஆறிய போறணையில் வீரகேசரித் தாளைக் கீலம் கீலமாகக் கிழித்து, கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவில் வைத்துச் சாத்தி இழுத்துப் பார்த்தேன். பிணைச்சல் பக்கம் தாள் கிழிந்ததே ஒழிய வரவில்லை. கொளுக்கிப் பக்கம், அதுவும் கீழ் மூலையில், சும்மா வழுக்கிக்கொண்டு வந்தது. பழைய கயிறும் அதையே சொன்னது: ஒரு பக்கம் நசிந்து மினுங்கிப் பலகைபோல் இறுகியிருந்தது, மறுபக்கம் பஞ்சு குலையாமல் புதிதாகவே இருந்தது. பிணைச்சல் ஆணி தேய்ந்து கதவு சரிந்திருக்கிறது. அதைத் திருத்தாமல் கயிறு மாற்றியிருந்தால் காசுதான் வீண். ஆணியை மாற்றி, வாசர் ஒன்று போட்டுக் கதவை நிமிர்த்தினோம்.

முன்பு யாரோ அந்த மூலையில் வாகன எஞ்சினுக்குப் பூசுகிற சிவப்புச் சிலிக்கன் அப்பியிருந்தார்கள். அது ஏறக்குறைய 300 பாகை வரைக்கும்தான் தாங்கும். நெருப்பறைக் கதவில் கருகி உதிர்ந்துவிடும். கண்ணாடிநார்க் கயிறு 500 பாகைக்கு மேலும் நிற்கும்.

பழைய கயிறு கழற்றும்போது ஒன்றைக் கவனியுங்கள். பழைய மில்களில் மிஞ்சிக் கிடக்கிற கயிறு அஸ்பெஸ்டஸாக இருக்கலாம், பார்வையில் பிரித்தறிய முடியாது. ஆகவே தண்ணீர் தெளித்து நனைத்து, முகக்கவசம் போட்டு, தூசு பறக்காமல் எடுத்துப் பையில் கட்டுங்கள். யாரும் சும்மா தந்தாலும் அந்தப் பழைய கயிற்றைப் பூட்டாதீர்கள்.

கதவைக் கழற்றிச் சாக்கில் படுக்க வைத்து, பள்ளத்தைக் கம்பி பிரஷால் வெறும் இரும்பு தெரியத் தேய்த்தோம். பள்ளத்தின் அகலத்தையும் ஆழத்தையும் அளந்துதான் கயிறு எடுக்க வேண்டும். தடித்தால் கொளுக்கி விழாது, மெலிந்தால் இடுக்கு விடும். வெட்டுகிற இடத்தில் முதலில் டேப் சுற்றிவிட்டு டேப்பின் மேலேயே வெட்டினால் நார் பிரியாது. சூடு தாங்குகிற பசையை மெல்லிய கோடாகத்தான் விட்டேன். அதிகம் விட்டால் கயிறு குடித்துக் கல்லாகிவிடும். கயிற்றை இழுத்து ஒட்டவே கூடாது, பிறகு அது சுருங்கிப் பொருத்து வாய் பிளக்கும். பொருத்தை மூலையில் விடாமல் நேர்ப் பக்கத்தில் வைத்தேன். கதவைப் பூட்டி, இடையில் தாள் வைத்துச் சாத்தி, ஒரு நாள் அப்படியே விட்டோம்.

முதல் நெருப்பு சிறிதாகத்தான் போட்டோம், பசை காயும் மணம் போகட்டும் என்று. சில நாள் எரித்ததும் கயிறு படிந்து கொளுக்கி தளர்ந்தது. அதைத் திரும்பவும் முறுக்கிவிட்டு, அதே தாளைப் போட்டு நாலு பக்கமும் இழுத்துப் பார்த்தோம். எங்கும் வழுக்கவில்லை.

கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கம் கண்ணாடிநார்க் கயிறு மீற்றர் கணக்கில் விற்கிற கடை தெரிந்தால் சொல்லுங்கள். நான் இன்னும் கொழும்பிலிருந்துதான் எடுப்பிக்கிறேன்.