விளக்குக்குக் காசு சேர்க்குமுன் ஒரு தாள்

அன்பான ஊரவர்களுக்கு,

வணக்கம். நம் ஒழுங்கைகளுக்கு சோலார் விளக்குப் போடக் காசு சேர்க்கத் தொடங்கிவிட்டதாகப் போன கிழமை ரொறன்ரோவிலிருந்து மடல் வந்தது. நோர்வே அக்கா ஒருவர் அன்றிரவே பத்து விளக்குக்குப் பொறுப்பேற்றுவிட்டார். நல்ல மனம். ஆனாலும் இந்த மடலை வாசித்து முடிக்கும்வரை மிச்சப் பேர் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். பிரதேச சபையின் பாதீட்டில், அதாவது ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில், வீதி விளக்குக்கென்று ஏற்கெனவே ஒரு செலவு இருக்கிறது. எனக்கே இப்போதுதான் தெரியும்.

தெரிய வந்த விதம் இது. நம் சனசமூக நிலையத்தின் பெயரில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி ஒரு விண்ணப்பம் கொடுத்தோம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் அது. ஏன் கேட்கிறாய் என்று யாரும் நம்மைக் கேட்க முடியாது. 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். இலங்கைக் குடியுரிமை உள்ளவர்தான் கேட்கலாம் என்பதால் கனடாக் கடவுச்சீட்டை மட்டும் வைத்திருக்கும் தம்பிமார் கேட்க வழியில்லை. அமைப்பு என்றால் உறுப்பினரில் நான்கில் மூன்று பங்கு குடிமக்களாக இருந்தால் போதும். சனசமூக நிலையம் அதில் தாராளமாக அடங்கும். பாதீடு எண்பத்துச் சொச்சம் பக்கமாக வந்து சேர்ந்தது.

நான் கொழும்பில் முப்பத்தைந்து வருடம் கணக்குப் பிரிவில் குப்பை கொட்டியவன். அந்தத் திமிரில், ஒரே மாலையில் இதை ஒரு தாளுக்குள் சுருக்கிவிடலாம் என்று இறங்கினேன். மூன்று மாலை போயிற்று. பொது நிருவாகம், சுகாதாரம், வீதிகளும் கட்டடங்களும், நீர் வழங்கல், பொதுப் பயன்பாட்டுச் சேவைகள், நலன்புரி என்று அழகான அட்டவணை ஒன்று வந்தது. கூட்டுத்தொகை எல்லாம் சரி. அதை சின்னம்மாவிடம் நீட்டினேன்.

கண்ணில் புரை எடுப்பதற்காக ஊரிலிருந்து வந்து எங்கள் வெள்ளவத்தை வீட்டில் நிற்கிறார். பத்திரிகையில் மரண அறிவித்தல் ஒன்று தப்பாமல் வாசிக்கிறவர். சத்திரசிகிச்சை முடிந்த கையோடு கறுப்புக் கண்ணாடியைத் தூக்கித் தூக்கி என் தாளைப் பார்த்தார். முதலாவது வரியிலேயே நின்றுவிட்டார்.

"மீண்டுவரும் செலவு என்று போட்டிருக்கிறாய். செலவழித்த காசு திரும்பி வருமோ தம்பி?"

எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு யோசித்தால், அவர் வாசித்ததுதான் தமிழ். ஆண்டுதோறும் வந்து நிற்கிற செலவு, அதாவது சம்பளம், எரிபொருள், குப்பை அள்ளும் உழவு இயந்திரத்துக்கு டயர் என்று சொன்னால் எவருக்கும் விளங்கும். அதை 'மீண்டுவரும்' என்று எழுதிப் பழகிவிட்டோம். எழுதுகிறவனுக்கும் கணக்காய்வாளருக்கும் அது போதும். காசைக் கொடுத்த மனிசிக்கு மட்டும் போதாது.

தாளை முழுக்கப் பார்த்துவிட்டு அவர் கேட்ட இரண்டாவது கேள்வி: "எங்கள் ஒழுங்கை இதில் எங்கே இருக்கிறது?"

எங்கும் இல்லை. பாதீடு செலவுக் குறியீட்டு இலக்கத்தின்படி எழுதப்படுகிறது. சனம் ஒழுங்கையின்படி கேட்கிறது. வீதி விளக்குப் பராமரிப்புக்கு முழுச் சபைக்கும் ஒரே தொகை. எந்த வட்டாரத்தில் எத்தனை விளக்கு என்ற பட்டியல் வேறொரு கோப்பில் இருக்கலாம், யாரோ ஒரு தொழில்நுட்ப உத்தியோகத்தரின் தலைக்குள்ளும் இருக்கலாம்.

அட்டவணையைத் தூக்கிப் போட்டுவிட்டு, சின்னம்மா கேட்பதையே தலைப்பாக வைத்து எழுதத் தொடங்கினேன். அவர் கேட்டார், நான் எண்பது பக்கத்துக்குள் தேடினேன். மகள் தேநீர் கொண்டுவந்து வைத்தாள், ஆறியது. கடற்கரைப் பக்கம் ரயில் போகும்போதெல்லாம் சின்னம்மா பேச்சை நிறுத்திவிட்டு, அது போனபின் விட்ட இடத்திலேயே பிடித்தார்.

ஆஸ்பத்திரி வீதிப் பள்ளத்தைத்தான் அவர் முதலில் எடுத்தார். அந்தப் பள்ளத்துக்குப் போன வருடம் நாம் சபைக்கு ஐந்து கடிதம் எழுதினோம், நினைவிருக்கும். அது சபையின் வீதியே இல்லை. ஏ, பி தர வீதிகள் மத்திய அரசின் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு உரியவை. சி, டி தரம் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்துக்கு. உள்ளே கிளைத்துப் போகிற ஒழுங்கைகள்தான் பிரதேச சபையின் தலையில். ஆஸ்பத்திரி வீதி மாகாணத்தின் வீதி. ஐந்து கடிதமும் தவறான வீட்டுக் கதவில் தட்டியிருக்கின்றன. புதிய தாளின் பின்பக்கத்தில் ஊர் வீதிகள் எல்லாவற்றையும் போட்டு, எது யாருடையது என்று எழுதியிருக்கிறேன். சின்னம்மாவுக்கு அந்தப் பக்கம்தான் பிடித்திருக்கிறது.

அடுத்தது, காசு எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி. சம்பளத்தில் பெரும்பகுதியை அரசாங்கம் மாகாணத்தின் ஊடாக மீளளிக்கிறது. சந்தைக் குத்தகை, வியாபார அனுமதிப்பத்திரக் கட்டணம், நீதிமன்றத் தண்டப்பணம் என்று இன்னும் சில ஓடைகள். பலருக்குத் தெரியாதது முத்திரைத் தீர்வை. காணி விலைக்குக் கைமாறும்போது பெறுமதியில் முதல் ஒரு லட்சத்துக்கு 3 வீதமும் மிச்சத்துக்கு 4 வீதமும் கட்டுகிறோமே, அது மாகாணத்தின் ஊடாக, காணி இருக்கிற இடத்துச் சபைக்கு வரவேண்டிய காசு. உறுதியைக் கொழும்பில் எழுதினாலும் அப்படித்தான். விற்கும்போது 'உறுதியில் விலையைக் கொஞ்சம் குறைத்துப் போடுங்கள்' என்று நொத்தாரிசிடம் சொன்னவர்கள் இந்தக் குழுவிலும் இருக்கிறார்கள். நானும் ஒருமுறை பக்கத்தில் இருந்து தலையாட்டியிருக்கிறேன்.

இனி, இந்த மடலை எழுத வைத்த வரிக்கு வருகிறேன். வருமானப் பக்கத்தில் 'சோலை வரி நிலுவை' என்று ஒன்று. சோலை வரி என்பது வீட்டுக்கும் காணிக்கும் சபை அறவிடுகிற வரி. இந்த ஆண்டு வரவேண்டிய சோலை வரிக்குக் கீழே, பழைய பாக்கி தனியாக. நிலுவை என்றால் சின்னம்மாவுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. "யார் கட்டவில்லை?" என்றுதான் கேட்டார். நான் பதில் சொல்லுமுன் அவரே எங்கள் ஒழுங்கையை வாயாலே நடக்கத் தொடங்கினார். மூலை வீடு, பிள்ளைகள் சுவிஸில், பூட்டு. அடுத்தது லண்டன், பூட்டு. அடுத்தது ஆள் இருக்கிறது. அதற்கடுத்த காணி பற்றை. உரிமைக்காரர் எந்த நாடு என்றே தெரியாது. அதற்கடுத்தது எங்கள் வீடு.

மறுநாள் மச்சானைச் சபைக்கு அனுப்பி விசாரித்தேன். அப்பா காலமான ஆண்டிலிருந்து எங்கள் வீட்டுக்கு ஒரு சதம் கட்டப்படவில்லை. பதினான்கு வருடம். காலாண்டுக்கு வருகிற வரி வெள்ளவத்தையில் ஒரு கொத்து ரொட்டி வாங்கப் போதாது. அறிவித்தல் ஒவ்வொரு வருடமும் வந்து பூட்டிய படலையில் செருகப்பட்டு, மழையில் ஊறி, கரைந்து போயிருக்கிறது. ஜனவரி 31க்குள் முழு ஆண்டுக்கும் கட்டினால் 10 வீதம் கழிவு என்று அதில் அச்சடித்திருப்பார்களாம்.

ஏட்டில் அது வருமானம். வரவும் செலவும் சமப்பட வேண்டுமென்பதால், வரும் என்று போட்ட அந்தப் பாக்கியை நம்பித்தான் மறுபக்கத்தில் விளக்கும் மதகும் எழுதப்படுகின்றன. பாக்கி வராவிட்டால் வெட்டு விழுவது சம்பளத்தில் இல்லை, விளக்கில். இருட்டான ஒழுங்கைக்கு விளக்குப் போட நாம் டொலர் சேர்க்கிறோம்; அந்த இருட்டுக்குள் நம்முடைய பூட்டிய வீடுகளின் பங்கும் இருக்கிறது.

சபை வெள்ளைத் துணி என்று நான் சொல்ல வரவில்லை. பாதீடு என்பது முந்திய ஆண்டு மார்கழி முடியுமுன் நிறைவேற்றும் எதிர்பார்ப்பு மட்டுமே. கடைசியில் உண்மையாகச் செலவானது எவ்வளவு என்பது ஆண்டிறுதிக் கணக்கிலும் கணக்காய்வாளர் நாயகத்தின் அறிக்கையிலும்தான் தெரியும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் யாரை எதற்குக் கேள்வி கேட்பது என்று விளங்கும். 2023 மார்ச்சில் பழைய சபைகளின் காலம் முடிந்து, 2025 மே 6 தேர்தல் வரை உறுப்பினர்களே இல்லாமல் செயலாளர்கள் நடத்தினார்கள். கேட்க ஆளில்லாத அந்த இரண்டு ஆண்டின் கணக்கும் வேண்டுமென்று இரண்டாவது விண்ணப்பம் போய்விட்டது. இப்போது வட்டாரத்துக்கு ஓர் உறுப்பினர் இருக்கிறார். கையில் தாள் இல்லாமல் அவரிடம் போனால் தேநீர் கிடைக்கும், பதில் கிடைக்காது.

இந்தியாவில் ராஜஸ்தானில் 1994இல் தொழிலாளர் விவசாயிகள் அமைப்பொன்று கிராமத்தின் செலவுப் பட்டியலைச் சனத்தைக் கூட்டிவைத்து உரத்து வாசித்தது. வேலை செய்ததாகப் பெயர் போடப்பட்டவர்களே அங்கே உட்கார்ந்து கேட்டார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் கணக்கைப் பிடித்துக்கொண்டார்கள். நம் ஊரில் வாசிக்கத் தெரியாதவர்கள் குறைவு; உரத்து வாசிக்கத்தான் ஆளில்லை.

விளக்கு விஷயத்துக்குத் திரும்புகிறேன். முன்பு நாம் போட்ட ஆறு சோலார் விளக்கில் இப்போது எரிவது ஒன்று. பேட்டரி செத்துவிட்டது. அவற்றை நாம் முறைப்படி சபையிடம் ஒப்படைக்கவே இல்லை. கொடி கட்டி, படம் எடுத்து, வந்துவிட்டோம். சபையின் சொத்துப் பதிவேட்டில் இல்லாத விளக்குக்குப் பராமரிப்புச் செலவு எழுத எவராலும் முடியாது. இதில் நம் ஊர்ச் சங்கத்தின் கணக்கும் திறமென்று சொல்ல மாட்டேன். அந்த ஆண்டு 'இதர செலவு' என்று போட்டிருக்கிற தொகை ஒரு விளக்கின் விலையைவிடப் பெரிது. பொருளாளர் தம்பி கோபிக்கக் கூடாது.

என் வேண்டுகோள் இவ்வளவுதான். சேர்த்த காசை மூன்று மாதம் வங்கியில் விடுங்கள். அதற்குள், ஊரில் வீடோ காணியோ உள்ள ஒவ்வொருவரும் தங்கள் சோலை வரி இலக்கத்தைத் தேடி எடுத்து, பாக்கியைக் கட்டிவிட்டு, பற்றுச்சீட்டைப் படமெடுத்து இங்கே அனுப்புங்கள். இலக்கம் தெரியாதவர்கள் எனக்குத் தனியாக எழுதினால் மச்சான் போய்ப் பார்ப்பார். முதலாவது பற்றுச்சீட்டு எங்கள் வீட்டுடையது. இத்துடன் இணைத்திருக்கிறேன், தொகையைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். பற்றுச்சீட்டுகளோடு போய், விளக்குச் செலவை வட்டாரவாரியாகக் காட்டும்படி சபையைக் கேட்போம். அதற்குப் பிறகும் போதாத விளக்குகளை நாம் வாங்கி, சபைக்கு எழுத்தில் ஒப்படைக்கலாம்.

சின்னம்மாவுக்கு வியாழக்கிழமை கடைசிப் பரிசோதனை. வெள்ளி இரவு பஸ்ஸில் திரும்புகிறார். தாளில் இருபது பிரதி எடுத்துக் கொடுத்துவிடுகிறேன்; வாசிகசாலைச் சுவரிலும் சந்தையிலும் கோயில் மடத்திலும் ஒட்டுவாராம். எழுத்து இன்னும் பெரிதாக இருக்க வேண்டுமென்று நேற்றுத் திருப்பித் தந்துவிட்டார். கண் நன்றாகத் தெரிகிறதே என்றேன். "எனக்குத் தெரியும், மற்றவைக்கு?" என்றார். மகள் இப்போது பெரிதாக்கிக்கொண்டிருக்கிறாள்.

அன்புடன்,
வெள்ளவத்தையிலிருந்து உங்கள் அண்ணன்