புதுப்பிப்பு: ரயில் பெட்டிப் பணிமனையில் என் அப்ரண்டிஸ் ஓராண்டு

ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படிப்பை முடித்து, ரயில் பெட்டிப் பணிமனையில் அப்ரண்டிஸாகச் சேர்ந்த முதல் வாரத்தில், கையில் கருவியையே தரமாட்டார்களோ என்று இங்கே புலம்பியிருந்தேன். பயிற்சி முடிந்துவிட்டதால், அதன் தொடர்ச்சியை எழுதுகிறேன்.

தொடக்கத்தில் அரமும் ராவலும்தான். அதில் சொல்ல அதிகமில்லை. சக்கரப் பிரிவுக்கு மாற்றிய பிறகே உண்மையான படிப்பு தொடங்கியது. அகலப்பாதைப் பெட்டியின் ஓர் அச்சில் உள்ள இரு சக்கரங்களின் உட்புறங்களுக்கு இடையே 1600 மில்லிமீட்டர் இருக்க வேண்டும்; கூடுதலாக 2, குறைவாக 1 மில்லிமீட்டர் வரைதான் அனுமதி. அளவுகோலைச் சற்றே சாய்த்துப் பிடித்து, 1603 என்று நான் எழுதிக்கொடுத்தபோது, மூத்த டெக்னீஷியன் திட்டவில்லை. சக்கரத்தைச் சுற்றிச் சம இடைவெளியில் மூன்று இடங்களில் சாக்பீஸால் கோடிட்டு, "மூணு இடத்துலயும் அளந்துட்டு வாப்பா" என்றார். மூன்றிலும் 1601 வந்தது. நல்ல சக்கரத்தைக் கழிக்க இருந்தேன் என்பதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

முடித்ததும் வேலை உறுதியா என்று பலர் கேட்டிருந்தீர்கள். இல்லை. 1961ஆம் ஆண்டின் அப்ரண்டிஸ் சட்டப்படி இது பயிற்சி மட்டுமே. ரயில்வேயின் லெவல் 1 எனப்படும் அடிநிலைப் பணிகளுக்கான நேரடி நியமனத்தில் 20 சதவீதம் எங்களைப் போன்றவர்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தாலும், கணினிவழித் தேர்வை எழுதியே ஆக வேண்டும். அதற்குத்தான் இப்போது படித்துக்கொண்டிருக்கிறேன்.