ஒன்பதாம் வகுப்பு மாணவனுக்காக உதவி வேண்டும்

வணக்கம். அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் கணக்கு ஆசிரியையாக இருக்கிறேன். என் வகுப்பில் ஒரு பையனை, நடையையும் பேச்சையும் சொல்லிச் சொல்லியே மற்றவர்கள் அடிக்கிறார்கள். அடி விழுவது பெரும்பாலும் கழிவறையில். அங்கே போகப் பயந்து, பள்ளி விடும்வரை தண்ணீரே குடிப்பதில்லை என்றான். அவன் தன்னை எப்படி அடையாளப்படுத்திக்கொள்கிறான் என்று நான் கேட்கவில்லை, அது அவன் விஷயம். தலைமை ஆசிரியரிடம் போனால், "அவனைக் கொஞ்சம் ஆம்பளை மாதிரி இருக்கச் சொல்லுங்க டீச்சர்" என்கிறார். மாற வேண்டியது அடிக்கிறவர்கள் அல்லவா?

2019இல் வெளியான யுனெஸ்கோ ஆய்வு, தமிழ்நாட்டுப் பால்புதுமை (தன்பால் ஈர்ப்புள்ளவர், திருநர் உள்ளிட்ட LGBTQ) இளைஞர்களிடமே நடத்தப்பட்டது. நடுநிலை, உயர்நிலைப் பள்ளியில் அடி உதை பட்டதாக 60 சதவீதம் பேர் சொன்னார்கள். பள்ளியில் புகார் செய்தவர்கள் 18 சதவீதம்தான். என் வகுப்பைப் பார்த்தபின் அது எனக்கு ஆச்சரியமாக இல்லை.

பால்புதுமையினர் பாதுகாப்புக்காக 2021 ஜூனில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் அளித்த சென்னை உயர் நீதிமன்ற உத்தரவில், பள்ளிகளில் பெற்றோருக்கு விழிப்புணர்வு, ஆலோசகர்கள், ஆண், பெண் என்று பிரிக்காத கழிவறை பற்றியெல்லாம் இருக்கிறது. அந்தப் பகுதியின் தமிழாக்கம் யாரிடமாவது இருந்தால் அனுப்புங்கள், நிர்வாகத்துக்குக் கொடுக்கும் கடிதத்தோடு இணைக்க வேண்டும். அப்புறம், தென் மாவட்டங்களில் "பையனின் இயல்பை மாற்றிவிடலாம்" என்று சொல்லாத மனநல ஆலோசகர் யாராவது தெரியுமா? குழந்தைகள் உதவி எண் 1098க்கு அழைத்தால் வீட்டுக்குத் தகவல் போகுமா? அதுதான் அவனுடைய பெரிய பயம். அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

பையனின் பெயரையும் ஊரையும் மட்டும் கேட்காதீர்கள். அரையாண்டுத் தேர்வுக்கு முன் கடிதத்தைக் கொடுத்துவிட நினைக்கிறேன்.