அனுபவப் பகிர்வு: சிறார் நூல் எழுதுவோர் எதிர்கொண்ட சந்திப்புகள்

பகிர்வு – எழுத்தாளர், திருநெல்வேலி

சிறார் கதை எழுதுகிறேன் என்று சொன்னதும், "வேலையை விட்டுவிட்டீர்களா?" என்று கேட்பவர்கள் உண்டு. விடவில்லை. கூட்டுறவுச் சங்கத்தில் பகலெல்லாம் கணக்கு எழுதிவிட்டு, விடியற்காலையில்தான் கதை எழுதுகிறேன். இது தமிழுக்குப் புதிதும் அன்று. குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா இந்தியன் வங்கியில் பணியாற்றிக்கொண்டேதான் எழுதினார். 2023ஆம் ஆண்டுக்கான பால சாகித்திய புரஸ்கார் பெற்ற உதயசங்கர் ரயில் நிலைய அதிகாரியாக இருந்தவர். காரணத்தைத் தேடிப் போக வேண்டியதில்லை. 60 ரூபாய் விலையுள்ள படக்கதை நூலுக்கு 10 விழுக்காடு ராயல்டி என்று வைத்துக்கொண்டு, அதை ஓவியரும் நானும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டால், பிரதிக்கு 3 ரூபாய் என் கைக்கு வரும். அதுவும் விற்ற பிரதிகளுக்கு மட்டும்.

என் வேலையில் பெரும்பகுதி எழுதி முடித்த பிறகுதான் தொடங்குகிறது. அச்சுக்குக் கொடுக்கும் முன் ஒவ்வொரு கதையையும், எங்கள் ஊருக்கு அருகிலுள்ள அரசுத் தொடக்கப் பள்ளி ஒன்றில், தலைமை ஆசிரியரின் அனுமதியோடு, மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுவது என் வழக்கம். தாத்தாவின் மூக்குக்கண்ணாடி காணாமற்போய், அக்காளும் தம்பியும் வீடு முழுவதும் தேடும் கதை ஒன்றை அப்படித்தான் வாசித்தேன். முதல் பக்கத்தில் பூனை ஒன்று பரண்மேல் ஏறும். அதன்பின் கதையில் அதற்கு வேலை கிடையாது. வாசித்து முடித்ததும் பின்வரிசைப் பையன் ஒருவன் எழுந்து, "சார், பரண்ல ஏறுன பூன கீழ எறங்குச்சா, இல்லியா?" என்று கேட்டான். ஆசிரியை குறுக்கிட்டு, "அத விடுடா, கதையில இருந்து என்ன தெரிஞ்சுக்கிட்ட?" என்றதும் வகுப்பு அமைதியாகிவிட்டது. பிறகு ஒரு சிறுமி, "எங்க வீட்டுப் பூனையா இருந்தா, கண்ணாடிய அதுதான் தள்ளி விட்டுருக்கும்" என்றாள். அவ்வளவுதான், பூனையின்மீது வழக்குத் தொடுக்காதவர்களே அந்த வகுப்பில் இல்லை.

அன்று மாலையே ஓவியரிடம் பேசினேன். உரையில் ஒரு சொல்லையும் கூட்டாமல், எல்லாப் பக்கங்களிலும் ஏதாவது ஒரு மூலையில் பூனை இருக்கட்டும் என்று முடிவு செய்தோம்: அரிசிப் பானைக்குப் பின்னால் வால் மட்டும், கொடியில் காயும் வேட்டிக்குக் கீழே நான்கு கால்கள் மட்டும் என்று. நூல் வெளிவந்தபின் அதைக் கையில் எடுக்கும் பிள்ளைகள் முதலில் பூனையைத்தான் தேடுகிறார்கள். நான் இழைத்து இழைத்து எழுதிய வாக்கியங்கள் அவர்களுக்கு இரண்டாம்பட்சம். அதில் எனக்குக் கொஞ்சமும் வருத்தமில்லை என்று சொன்னால் அது முழு உண்மையாகாது.

வாங்குபவர் ஒருவர், வாசிப்பவர் இன்னொருவர் என்பது இத்தொழிலில் நாள்தோறும் எதிர்ப்படும் சிக்கல். சென்னைப் புத்தகக் காட்சியின்போது நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில், பதிப்பாளரின் அரங்கில் நின்றிருந்தேன். ஒரு தந்தை அதே நூலைக் கடைசிப் பக்கத்திலிருந்து புரட்டிவிட்டு, "நீதி எங்கே போட்டிருக்கிறது?" என்று கேட்டார். "தனியாகப் போடவில்லை" என்றேன். "24 பக்கத்துக்கு 60 ரூபாயா?" என்பது அடுத்த கேள்வி. வண்ண அச்சு, நல்ல தாள், குறைந்த எண்ணிக்கையில் அச்சிடுவதால் பிரதிக்கு ஏறும் அடக்கவிலை என்று நான் விளக்கிக்கொண்டிருக்கையில், அவருடைய மகள் தரையில் உட்கார்ந்து பாதி நூலைக் கடந்திருந்தாள். அவர் பொது அறிவு வினா விடை நூலை வாங்கிக்கொண்டு புறப்பட்டார். அவரை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கதை முடிந்ததும் நீதியை எழுது என்று பள்ளியில் பழக்கப்பட்டு வளர்ந்த தலைமுறைதானே நாங்கள் இருவரும்.

பள்ளிக் கல்வித்துறை 2023இல் தொடங்கிய வாசிப்பு இயக்கம், நூல்களை நுழை, நட, ஓடு, பற என்று வாசிக்கும் திறனுக்கேற்பப் பிரித்தது. இவற்றுள் 'நுழை' நிலைக்கு எழுதுவதுதான் எளிது என்று வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நினைக்கிறார்கள். பக்கத்துக்கு ஓரிரு சிறு வாக்கியங்களுக்குள் கதையும் நகர வேண்டும், சிரிப்பும் வர வேண்டும் என்றால், முழுநீளக் கட்டுரை எழுதுவதே மேல் என்று தோன்றிவிடும்.

மறுமொழி – ஓவியர், சென்னை

மேலே நண்பர் சொன்ன பூனையை வரைந்தவள் நான் அல்லள். உரையில் இல்லாததைப் படத்தில் வரையச் சொல்லும் அத்தகைய அழைப்பு எனக்கு அரிதாகவே வரும். பெரும்பாலான கைப்பிரதிகளில், "வானம் நீலமாக இருந்தது, மரங்கள் பச்சைப்பசேல் என்று இருந்தன" என்ற வரியும் இருக்கும், அதையே நான் வரையவும் வேண்டியிருக்கும். வரியை எடுத்துவிடலாமே என்று கேட்டால் முகம் வாடும் எழுத்தாளர்களும் உண்டு. சண்டையாக வேண்டாம் என்பதற்காக, இப்போதெல்லாம் முதலில் பென்சிலில் எல்லாப் பக்கங்களையும் சிறிய அளவில் வரைந்து அனுப்பிவிடுகிறேன். படத்தைப் பார்த்தபின் அவர்களே அந்த வரியை அடித்துவிடுகிறார்கள்.

எனக்கு மறக்க முடியாத சந்திப்பு சிவகாசி அச்சகம் ஒன்றில் நிகழ்ந்தது. என் யானை கணினித் திரையில் சாம்பல் நிறமாக இருந்தது. இயந்திரத்திலிருந்து வந்த முதல் தாளில் இளஞ்சிவப்பாக நின்றது. இயந்திரத்தை ஓட்டிய அண்ணன் சிறு பூதக்கண்ணாடியைத் தாளின்மேல் வைத்துப் பார்த்துவிட்டு, "மெஜந்தா தூக்கலா இருக்கும்மா" என்றார். சாம்பல் நிறத்தை, மெஜந்தா என்னும் சிவப்புச் சாயல் மை உட்பட மூன்று வண்ண மைகளைக் கலந்து நான் அமைத்திருந்ததால், அவற்றுள் ஒன்று சற்றுக் கூடினாலும் யானை நிறம் மாறிவிடும் என்பதையும், கறுப்பு மையையே பெரிதும் நம்பி அமைத்தால் அந்தத் தொல்லை குறையும் என்பதையும், அடுத்த தாள் வருவதற்குள் அவர் சொல்லி முடித்துவிட்டார். அதன்பின் நான் வரைந்த யானைகளுக்கெல்லாம் அவர் சொன்ன கலவைதான்.